பர்ன்அவுட் கேள்வித்தாளும் ஷிஃப்ட் தொழிலாளியும்: ஒரு விமர்சனம்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பையில் ஒரு கேள்வித்தாள் இருந்தது. ஆபீஸில் வருஷத்துக்கு ஒருமுறை சுற்றுக்கு விடுகிற மனநலக் கணக்கெடுப்பு வகையறா. இருபது சொச்சம் வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் "எப்போதும் இல்லை" என்பதிலிருந்து "தினமும்" வரை ஒரு கட்டத்தில் டிக் அடிக்கணும். கடைசியில் ஒரு மார்க் வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு வந்த மார்க் ரொம்ப மோசம். அதைக் காட்டித்தான் மேனேஜரிடம் பேசினேன். மூன்று வாரம் லீவு கிடைத்தது, கவுன்சிலரைப் பார்த்தேன், தேறினேன். அதனால் இந்த மாதிரித் தாள்கள் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குன்னத்தில் என் அத்தை மகன் இருக்கிறான். என்னைவிட எட்டு வயது சின்னவன். ஐடிஐ முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஒன்பது வருஷம் ஆகிறது. கொஞ்ச நாளாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளையிடம் எரிந்து விழுகிறான் என்று அத்தை போனில் சொல்லியிருந்தார். சரி, இந்தத் தாளை அவனுக்கும் போட்டுப் பார்க்கலாம் என்று திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொன்னேன்.

காலையில் எழுந்திருக்கும்போதே அசதியாக இருக்கிறதா என்கிற மாதிரி ஒரு கேள்வி. "எந்த வாரத்துக் காலைங்க மச்சான்? இந்த வாரம் எனக்கு நைட். காலையிலதான் படுக்கப் போறேன்" என்றான். வேலையில் ஆர்வம் குறைந்துவிட்டதா? "குறையறதுக்கு எப்ப இருந்துச்சு?" வேலையில் வரும் சிக்கல்களை நன்றாகச் சமாளிக்கிறேன் என்று நினைக்கிறாயா? இதற்குச் சிரித்துவிட்டான். "சிக்கல் வந்தா நான் தீர்க்கக் கூடாது மச்சான். லைட்டைப் போட்டுட்டு லைன் லீடரைக் கூப்பிடணும். நானே கை வச்சா மெமோ."

கூட்டிப் பார்த்தேன். நடுத்தரம். கவலைப்பட ஒன்றுமில்லை என்கிறது தாள். எதிரே உட்கார்ந்திருந்தவனுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

மார்க் தப்பா, மனிதன் தப்பா? அன்றிலிருந்து பர்ன்அவுட் என்கிற கருத்தையே ஒரு நூலை வாசிப்பது போல வாசித்துப் பார்க்க ஆரம்பித்தேன். அதன் விமர்சனம்தான் இந்தப் பதிவு. நான் மருத்துவனும் இல்லை, உளவியல் படித்தவனும் இல்லை. ஆனால் ஒரு கருவி எந்தச் சூழலுக்காக எழுதப்பட்டது, அதை எந்தச் சூழலில் ஓட்டுகிறோம் என்று பார்ப்பது என் தொழில்.

சொல் பிறந்த இடம்

1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் "ஊழியர் பர்ன்அவுட்" பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த தன்னார்வலர்கள்தான் அவர் கண்ட உதாரணம். உலகத்தை மாற்றப் போகிறோம் என்று வந்தவர்கள், ஒரு வருஷத்தில் கருகிப் போனார்கள். 1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 22 வாக்கியங்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். அதுவும் முதலில் நர்ஸ், சமூகப் பணியாளர் போல மனிதர்களைக் கையாளும் தொழில்களுக்காகச் செய்யப்பட்டது. மூன்று விஷயங்களை அளந்தது: உணர்வு வறண்டுபோவது, எதிரில் இருக்கும் ஆளை மனிதனாகப் பார்க்காமல் போவது, சாதித்தோம் என்ற நிறைவு குறைவது. 1996-ல் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும்படி 16 வாக்கியங்களில் ஒரு பொதுப் பதிப்பு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐசிடி-11 பட்டியலில் பர்ன்அவுட்டுக்குத் தந்த விளக்கத்திலும் இதே மூன்று கால்கள்தான் நிற்கின்றன. அங்கே அது நோய் அல்ல, "தொழில் சார்ந்த நிகழ்வு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, இது ஒரு குறிப்பிட்ட மனிதனின் கதை. ஆசையோடு வேலைக்கு வந்தான், எரிந்தான், அணைந்தான். டாக்டர், டீச்சர், என்னைப் போன்ற கம்ப்யூட்டர்காரன் எல்லாருக்கும் பொருந்துகிற கதை. எங்களுக்கு வேலை என்பது சம்பளம் மட்டும் இல்லை, "நான் யார்" என்பதற்கான பதிலும் கூட.

முதல் குறை: நெருப்பே பற்றாதவன்

அத்தை மகன் ஆலைக்குப் போனதற்குக் காரணம் மழை. எங்கள் பக்கம் கரிசல், பருத்தி, மக்காச்சோளம். மழை ஏமாற்றினால் வருஷம் போச்சு. திருமாந்துறையில் சிறப்புப் பொருளாதார மண்டலம் வருகிறது என்று சுமார் 3,000 ஏக்கர் போனது. வேலை வரும் என்று காத்திருந்த தலைமுறை ஸ்ரீபெரும்புதூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறியது. செந்துறை, அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைகள், நாரணமங்கலத்தில் டயர் ஆலை, இப்போது எறையூரில் காலணிப் பூங்கா (2022 நவம்பரில் அடிக்கல், 2023 நவம்பரில் திறப்பு) என்று ஒவ்வொன்றாக வந்திருக்கின்றன. வரட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வேலைக்குப் போகிறவர்கள் லட்சியத்தோடு போவதில்லை. தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கடன், போர்வெல் கடன் என்ற கணக்கோடு போகிறார்கள்.

அப்படிப்பட்டவனிடம் "ஆர்வம் குறைந்ததா" என்று கேட்டால், குறைவதற்கு முந்தைய அளவு எங்கே? பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கினால் வித்தியாசம் பூஜ்யம்தானே! அவன் களைப்பு உண்மை. அது இந்தத் தாளில் மூன்றில் ஒரு பங்கு மட்டும்.

இரண்டாம் குறை: கேடயத்தை நோய் என்று எழுதுவது

மூன்று கால்களில் இரண்டாவது, வேலையிலிருந்து மனசு விலகிப் போவது. என் மாதிரி ஆளுக்கு அது அபாயச் சங்கு. ஆனால் எட்டு மணி நேரம் ஒரே திருகை முடுக்குகிறவனுக்கு மனசு விலகுவதுதான் தற்காப்பு. கை இங்கே, நினைப்பு வயக்காட்டில். அது இல்லாவிட்டால் ஷிஃப்ட் ஓடாது.

இதைப் பற்றி நூறு வருஷத்துக்கு முன்னாலேயே யோசித்திருக்கிறார்கள். 1923-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு நூற்பாலை. மற்ற பிரிவுகளில் ஆட்கள் விட்டுப்போவது வருஷத்துக்கு 5, 6 சதவீதம். நூற்புப் பிரிவில் மட்டும் சுமார் 250 சதவீதம். அதாவது 40 பேர் இருக்கும் இடத்துக்கு வருஷத்தில் 100 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. எல்டன் மேயோ போய்ப் பார்த்தார். நாள் முழுக்க நின்றபடி, அறுந்த இழைகளை முடிந்துகொண்டே நடக்கிற வேலை. பக்கத்து ஆளோடு பேசக்கூட முடியாது. தொழிலாளிகள் சோர்ந்த, கசப்பான நினைவோட்டத்தில் மூழ்கிக் கிடந்தார்கள் என்று எழுதினார். பத்து பத்து நிமிஷமாக, படுத்துக்கொள்ள அனுமதித்து ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். ஆள் நின்றது, உற்பத்தியும் ஏறியது.

மேயோ மேல் எனக்கு விமர்சனம் உண்டு. தொழிலாளியின் கசப்புக்குக் கூலியும் சங்கமும் காரணமாக இருக்கலாம் என்பதை அவர் லேசாகத் தாண்டிப் போனார். குறையை நினைவோட்டத்தில் தேடினார். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளணும். அவர் எடுத்துக்கொண்ட அளவு, ஆள் விட்டுப்போகும் கணக்கு. ஆலையின் பதிவேட்டிலேயே இருந்தது அது. யார் மனசையும் கேள்வித்தாளில் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இன்றும் ஆலைகளுக்கு இது தெரியும். பர்ன்அவுட் என்ற பெயரில் தெரியாது, ஆப்சென்ட், அட்ரிஷன் என்ற பெயரில் தெரியும். தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதுப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் சேர்த்து, கல்யாணத்துக்கு ஆகும் என்று மொத்தத் தொகையைக் கடைசியில் தருவதாகச் சொல்லி, அதுவரை விடுதியில் வைப்பது. நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011-ல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இப்படியொரு திட்டத்தைப் போட்டவர்களுக்கு ஒரு உண்மை தெரிந்திருக்கிறது: சாதாரணமாக விட்டால் இந்த வேலையில் ஆள் நிற்காது. களைப்பை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கு ஒரு பூட்டும் செய்திருக்கிறார்கள்.

மூன்றாம் குறை: ஆளை மட்டும் அளப்பது

எங்கள் தொழிலில் சர்வர் திணறினால் என்ன செய்வோம்? எவ்வளவு வேலை வந்து குவிகிறது, வரிசை எவ்வளவு நீளம், நினைவகம் போதுமா என்று பார்ப்போம். சர்வரைக் கூப்பிட்டு "நீ ஏன் சோர்வாக இருக்கிறாய், மூச்சுப் பயிற்சி செய்" என்று சொல்வதில்லை. மனுஷனுக்கு மட்டும் அதைத்தான் சொல்கிறோம்.

இந்த இடத்தில் மாஸ்லாக்குக்கு நியாயம் செய்யணும். அவரே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். வேலைப்பளு, கட்டுப்பாடு, பலன், சகஜீவிகள், நியாயம், மதிப்பீடுகள் என்று பணியிடத்தின் ஆறு பக்கங்களைப் பார்க்கச் சொன்னார். தன் அளவுகோலைத் தனிமனிதனுக்கு நோய் முத்திரை குத்தப் பயன்படுத்தாதீர்கள் என்றும் எழுதினார். தவறு அவருடையது அல்ல. அவர் தாளை மட்டும் உருவிக்கொண்டு ஆறு பக்கங்களையும் விட்டுவிட்ட நம்முடையது.

தொழிலாளிக்குப் பொருந்துகிற அளவு வேறு இடத்தில் இருக்கிறது. 1979-ல் ராபர்ட் கராசெக் என்பவர் அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர் தரவுகளை வைத்து ஒரு எளிய கட்டம் போட்டார். ஒரு பக்கம் வேலையின் நெருக்கடி. இன்னொரு பக்கம், அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதில் ஆளுக்கு இருக்கும் அதிகாரம். நெருக்கடி அதிகமாக இருந்தும் அதிகாரமும் அதிகம் இருந்தால் மனுஷன் தாங்குகிறான். நெருக்கடி அதிகம், அதிகாரம் இல்லை என்றால்தான் உடைகிறான். "நானே கை வச்சா மெமோ" என்று அத்தை மகன் சொன்னானே, அது கராசெக் கட்டத்தின் அந்த மூலைதான். என் தாள் அந்தப் பதிலைத் "திறமை உணர்வு குறைவு" என்று அவன் கணக்கில் எழுதும். அது ஆலையின் கணக்கில் எழுத வேண்டியது.

அமெரிக்கா, ஸ்வீடன் கதை நமக்கு எதற்கு என்று கேட்டால், அகமதாபாத் இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் காலிகோ மில்லில் தானியங்கித் தறிகள் வந்தன. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார்கள். இயந்திரம் நல்ல இயந்திரம், ஆனாலும் உற்பத்தி ஏறவில்லை, துணியில் பழுது அதிகம். லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து வந்த ஏ.கே.ரைஸ், ஒரு குழு சேர்ந்து சில தறிகளை முழுசாகப் பார்த்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னார். யார் எந்தக் குழு என்பதைத் தொழிலாளிகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டார்கள். உற்பத்தி ஏறியது, பழுது குறைந்தது. யோகா வகுப்பு எதுவும் நடக்கவில்லை.

2024-ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃப்ளெமிங் பிரிட்டனில் 46,336 ஊழியர்களின் தரவை எடுத்துப் பார்த்தார். மனதிடப் பயிற்சி, தியானச் செயலி, மன அழுத்த மேலாண்மை வகுப்பு போன்ற தனிநபர் ஏற்பாடுகளில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட மேலாக இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வேலையின் அமைப்பை மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறது. தியானச் செயலி வாங்குவது சுலபம், ஷிஃப்ட் அட்டவணையை மாற்றுவது கஷ்டம். அதனால் முதலாவதுதான் நடக்கிறது.

நம்மிடம் இருக்கும் சொற்கள்

அத்தை மகனிடம் பர்ன்அவுட் என்று சொன்னால் புரியாது. அவனிடம் வேறு சொற்கள் இருக்கின்றன. உடம்பு முடியல. அசதி. கை கால் ஓய்ஞ்சு போச்சு. நெஞ்சு படபடன்னு இருக்கு. படுத்தாலும் காதுக்குள்ள மிஷின் ஓடுது. பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் இரண்டு தடவை போயிருக்கிறான். "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி ஊசி போட்டு, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வேலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். அத்தைக்கு வேறு சந்தேகம்: நடுராத்திரி பஸ் இறங்கி ஏரிக்கரை வழியாக வருகிறான், ஏதாவது காத்து கருப்பு பட்டிருக்குமோ?

சிரிக்காதீர்கள். மலேசியாவில் 1970-களில் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்த மலாய்ப் பெண்களுக்குத் திடீர் திடீரென்று ஆவி பிடித்தது. ஒருத்தி அலறினால் வரிசையாகப் பலர். ஆலைகள் மந்திரவாதியைக் கூப்பிட்டு ஆடு வெட்டிக்கூடப் பார்த்தன. மானுடவியலாளர் அய்வா ஓங் 1987-ல் எழுதிய புத்தகத்தில் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவில்லை. மேற்பார்வையாளரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச வழியில்லாத இடத்தில், உடம்பு வழியாக வந்த மறுப்பு என்று வாசித்தார். கேள்வித்தாளில் அந்தப் பெண்களுக்கு என்ன மார்க் வந்திருக்கும்?

அதற்காகப் பழைய சொற்களே போதும் என்று நான் சொல்லவில்லை. "நரம்புத் தளர்ச்சி" என்பதும் பழியை நரம்பின் மேல், ஆளின் மேல்தான் போடுகிறது. அந்த விஷயத்தில் அதுவும் பர்ன்அவுட்டும் ஒரே ஜாதி.

சட்டப் புத்தகத்தில் தேடினால்

1948 தொழிற்சாலைகள் சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். நல்ல சட்டம்தான், 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்கு மேல் போகாமல் அரை மணி இடைவேளை, ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம், நின்றே வேலை செய்பவர் வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார இருக்கை, எல்லாம் இருந்தது. எச்சில் துப்பும் கலத்துக்குக்கூடத் தனிப் பிரிவு, 20. மூன்றாம் அட்டவணையில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்கள்: ஈய நஞ்சு, சிலிக்கோசிஸ், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை. மனசு சம்பந்தப்பட்டது ஒன்றும் இருக்கவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-லேயே தன் தொழில் நோய்ப் பட்டியலில் மனநலக் கோளாறுகளைச் சேர்த்துவிட்டது. 2020-ல் எழுதப்பட்ட நம் புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு பழைய பட்டியலையே பெரும்பாலும் சுமந்து வந்தது.

பட்டியலில் இல்லாவிட்டால் என்ன? தெரிவிக்க வேண்டியதில்லை, எண்ண வேண்டியதில்லை. எண்ணாதது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

2023 ஏப்ரல் 21-ல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி என்பது மாறாது, நான்கு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் ஓய்வு எடுக்கலாம் என்று விளக்கம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்ப, மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். அந்த விவாதத்தில் கூலி, சங்கம், முதலீடு எல்லாம் பேசப்பட்டது. பத்தாவது மணிக்கு மேல் ஒரு மனுஷனின் கவனத்துக்கும் தூக்கத்துக்கும் என்ன ஆகும் என்பது மிகக் குறைவாகவே காதில் விழுந்தது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி, வாரத்துக்கு 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல். உடம்பு அப்படியென்றால் மனசு எப்படி?

என் வாதத்துக்கு எதிராக நானே

எல்லாவற்றையும் வேலையின் மேல் தூக்கிப் போட்டால் ஒரு ஆபத்து உண்டு. மனச்சோர்வு என்பது உண்மையான நோய். சிகிச்சையில் குணமாகக் கூடியது. "அமைப்பு மாறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஒருத்தனைக் காக்க வைக்க முடியாது. அத்தை மகனிடம் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். "ஒரு நாள் லீவு போட்டா அந்த மாச அட்டெண்டன்ஸ் போனஸ் மொத்தமும் போயிடும் மச்சான்" என்றான். கடைசியில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கொடுத்தேன். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நைட் ஷிஃப்ட் முடிந்த ஒரு காலையில் கூப்பிட்டுப் பேசியிருக்கிறான். இப்போது மாத்திரை சாப்பிடுகிறான், தூக்கம் கொஞ்சம் வருகிறது. ஷிஃப்ட் அப்படியேதான் இருக்கிறது.

எனக்கு அந்தத் தாள் உதவியது என்று தொடக்கத்தில் சொன்னேன். இப்போது யோசித்தால், உதவியது தாள் இல்லை. மோசமான மார்க்கை மேனேஜரிடம் காட்டினால் வேலை போகாது என்ற தைரியம்தான். அத்தை மகன் கையில் எவ்வளவு நல்ல தாளைக் கொடுத்தாலும், அதைக் காட்ட அவனுக்கு ஆள் இல்லை. அளவுகோலைத் திருத்துவது பாதி வேலை. மார்க்கைச் சொன்னால் தண்டனை வராது என்ற உறுதி மீதிப் பாதி. சங்கம் அதற்கு ஒரு வழி, சட்டத்தின் அட்டவணை இன்னொரு வழி. இரண்டும் இல்லாத இடத்தில் கணக்கெடுப்பு என்பது ஆலைக்கு ஒரு விளம்பரம் மட்டுமே.

ஊரிலிருந்து கிளம்புகிற அன்று அவனிடம் கேட்டேன்: நீயே கேள்வித்தாள் தயாரித்தால் என்ன கேட்பாய்? கொஞ்ச நேரம் யோசித்துச் சொன்னதை அப்படியே தருகிறேன்.

அடுத்த வாரம் எந்த ஷிஃப்டுன்னு இன்னிக்குத் தெரியுமா?

ஒண்ணுக்குப் போகணும்னா யாருகிட்ட கேக்கணும்?

போன மாசம் பிள்ளை முழிச்சிருக்கும்போது எத்தனை நாள் பாத்தீங்க?

லைன் வேகத்தைக் குறைக்கச் சொல்லி யாராவது கேட்டிருக்காங்களா? கேட்டவரு இப்ப எங்க இருக்காரு?

நான்கு கேள்விதான். இதில் எதற்கும் மனசைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. பதில்களை ஆலைக்குத்தான் மார்க் போட வேண்டும்.